மீதி எவ்வளவு?

அல்ஜுனிட் எம்ஆர்டி நிலையத்தில் வெளியேறும்போது ஈஸி-லிங்க் அட்டையைத் தட்டினால், வாயிலின் சின்னத் திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று பிடித்த கட்டணம், இன்னொன்று மீதி. கேலாங்கிலேயே வளர்ந்த எனக்கு அவற்றை நின்று பார்த்த ஞாபகமே இல்லை. பார்க்க வைத்தவர் எங்கள் லோரோங்கில் தங்கியிருந்த ஒரு கட்டுமானத் தொழிலாளி, புதுக்கோட்டைக்காரர். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பூகிஸில் ரயில் மாறி தேக்காவுக்கு ஒன்றாகப் போவோம். ஒவ்வொரு முறையும் வாயிலில் அரை நொடி நிற்பார்.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"மீதி தெரிஞ்சாத்தான தம்பி சம்பளம் வர்ற வரைக்கும் ஓட்ட முடியும்."

2024 ஜனவரி 9 அன்று நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு விட்டது. பழைய அட்டை முறை அதன் ஆயுட்காலத்தின் முடிவை நெருங்குகிறது. ஜூன் 1 முதல் பெரியவர்களுக்கான அட்டைகள் எல்லாம் சிம்பிளிகோ முறைக்கு மாறவேண்டும். முதியோர், மாணவர் சலுகை அட்டைகளுக்கு இந்தக் கெடு இல்லை. ஆனால் வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர் கையில் இருப்பது பெரியவர் அட்டைதான்.

சிம்பிளிகோவில் வாயிலில் அந்த எண்கள் வராது. எதிர்ப்பு பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் எழுந்தது. பதின்மூன்றே நாளில், ஜனவரி 22 அன்று, போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவைத் திரும்பப் பெற்றார். பழைய முறை குறைந்தது 2030 வரை ஓடும், அதற்குக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவாகும் என்றார்.

சிங்கப்பூரர்கள் புதுமைக்குப் பயந்தவர்கள் என்று அப்போது சில நண்பர்கள் கிண்டலடித்தார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எம்ஆர்டி 1987 நவம்பரில் தொடங்கியது, அல்ஜுனிட் நிலையம் 1989 நவம்பரில் திறந்தது. அன்று காந்தப் பட்டைச் சீட்டுகள். அடுத்து பேருந்துக்கும் ரயிலுக்கும் பொதுவான டிரான்சிட்லிங்க் அட்டை. அதுவும் காந்தப் பட்டைதான். 2002 ஏப்ரலில் தொடாமலே படிக்கும் ஈஸி-லிங்க் வந்தது, உள்ளே சோனியின் ஃபெலிகா சில்லு. 2009-இல் அதையும் தூக்கிவிட்டு செபாஸ் என்ற உள்ளூர்த் தரத்துக்கு மாறினார்கள். மக்கள் வரிசையில் நின்று பழைய அட்டையைக் கொடுத்துப் புதியதை வாங்கினார்கள். அட்டை மாறிக்கொண்டே இருந்தது, பணம் மட்டும் எப்போதும் அட்டைக்குள்ளேயே இருந்தது.

இது சும்மா உவமை இல்லை. பழைய முறையில் மீதித் தொகை நிஜமாகவே சில்லில் எழுதப்பட்டிருக்கிறது. வாயில் அதைப் படிக்கும், கட்டணத்தைக் கழிக்கும், புது மீதியை எழுதும், திரையில் காட்டும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மைய வழங்கியோடு இணைப்பு அறுந்தாலும் வேலை நடக்கும். 2019-இல் அறிமுகமான சிம்பிளிகோவில் அட்டை வெறும் அடையாளம்தான். கணக்கு எங்கோ ஒரு வழங்கியில் இருக்கிறது. அங்கே கேட்டு மீதியைக் கொண்டுவரச் சில நொடிகள் கூடுதலாகும், காலை நெரிசலில் வாயிலில் கூட்டம் தேங்கிவிடும் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். பொறியாளனாக அந்த விளக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

புது முறைக்கு நன்மைகளும் உண்டு. கைபேசியிலேயே பணம் நிரப்பலாம். அட்டை தொலைந்தால் பணத்தைக் காப்பாற்றலாம். பயண விவரம் முழுக்கச் செயலியில் கிடைக்கும். "செயலியில் பார்த்துக்கொள்ளலாமே" என்று நானும்தான் அண்ணனிடம் சொன்னேன். "ரயிலுக்குள்ள நிக்கிறப்ப போனை எடுத்து, சிக்னல் பாத்து, பாஸ்வேர்டு போட்டு... கதவுலயே தெரிஞ்சதுக்கு எதுக்கு தம்பி இவ்வளவு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

லண்டனில் 2003-இல் வந்த ஆய்ஸ்டர் அட்டையிலும் பணம் அட்டையில்தான் இருந்தது. 2014-இல் சுரங்க ரயிலில் வங்கி அட்டைகளை ஏற்கத் தொடங்கியபோது ஆய்ஸ்டரை நிறுத்தவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொண்டார். இரட்டைப் பராமரிப்பு செலவுதான். ஆனால் அந்தச் செலவில் ஒரு தேர்வு உயிரோடு இருக்கிறது.

வேலையில் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு கிடங்கின் பழைய மென்பொருளை மாற்றி எழுதியபோது, தேவையில்லை என்று சீட்டின் அடியிலிருந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். தேவைப் பட்டியலில் அது இல்லவே இல்லை. மறுநாள் காலையிலேயே கிடங்குக்காரர் கூப்பிட்டார். அந்த வரியை வைத்துத்தான் அவர் லாரிகளை வரிசைப்படுத்தி வந்திருக்கிறார். பழைய கணினிகளைப் பற்றிப் பேசும்போது நாம் சில்லையும் நிரலையும் மட்டும் எண்ணுகிறோம். அவற்றைச் சுற்றி ஆட்கள் சத்தமில்லாமல் கட்டிவைத்த கணக்குமுறை எந்த ஆவணத்திலும் ஏறுவதில்லை.

2030-க்குப் பிறகு வரும் முறையை எழுதப்போவது என் வயதுக்காரர்கள்தான். எழுத உட்காரும் முன் ஒரு ஞாயிறு மாலை அல்ஜுனிட் வாயில் அருகே வந்து நில்லுங்கள். அட்டையைத் தட்டிய அடுத்த நொடி ஆட்களின் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.