ஆறு தட்டில் தேயிலை

இலங்கை மலையகத்தில் வட்டவளையைத் தாண்டி ஹட்டனை நோக்கி ஏறும் ரயில் நடுவில் நிற்கும் சின்ன நிலையம் றொசல்ல. 1884-இல் தண்டவாளம் ஹட்டனைத் தொட்டது. மறு ஆண்டு நானுஓயா வரை போனது. இந்தப் பாதையைப் பற்றி எழுதுகிறவர்கள் தேயிலைப் பெட்டிகளைச் சொல்வார்கள், காகிதத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கொழும்பு ஏஜென்சி ஹவுஸ்களுக்கு இங்கிருந்து மாதக் கணக்கும் அறிக்கையும் இறங்கின, அங்கிருந்து கேள்வியும் உத்தரவும் ஏறின. இங்கிருந்து இறங்கிய அத்தனையையும் எழுதியவர் தோட்டத்து ஆபிஸில் உட்கார்ந்திருந்த கிளாக்கர்.

காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பின்பு அவருக்கு செக்ரோல் வேலை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே முழு நாள் வேலையான முழுப் பேரா, அரைப் பேரா, எத்தனை இறாத்தல் கொழுந்து, எவ்வளவு கைகாசு என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713 பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்திருந்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே போக்கில் அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை வந்துவிடுமோ என்ற மனப்பாரம் ஆகிய மூன்றையும் அவர்களின் நோய்க்குக் காரணமாகச் சொன்னார். செக்ரோல் எழுதிய எந்தக் கிளாக்கரும் இதற்கு மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார்.

தட்டெழுத்துப் பொறி இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்தது, ஆனால் ஆங்கிலத்துக்கு மட்டும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய பொறியைத் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய ‘குவெர்ட்டி’ வரிசைதான் இன்றைய கீபோர்டிலும் இருக்கிறது. தோட்டத் துரையின் கடிதம் பொறியில் அடித்து அழகாகப் போகும். தொழிலாளியின் தமிழ் மனு கையெழுத்தில்தான் போகும். 1931-இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய காலத்திலும் இந்த நிலை மாறியிருக்கவில்லை.

தமிழுக்குப் பொறி செய்தவர் இலங்கையர்தான், ஆனால் செய்தது சிங்கப்பூரில் இருந்துகொண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, இளவயதில் மலாயா போய், அங்கே சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்ற ஆர். முத்தையாதான் அவர். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்குவது அவர் முன் இருந்த வேலை. உயிர்மெய்யைத் துண்டு துண்டாக்கினார். கொம்பு தனி, அரவு தனி, சுழி தனி. சில குறிகளுக்கு ‘நகரா விசை’ வைத்தார். அதை அழுத்தினால் குறி காகிதத்தில் விழும், வண்டி மட்டும் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்திக்கொள்ளும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த சைடல் அண்டு நௌமான் ஆலை இப்பொறியைச் செய்து தந்தது.

அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் விரலின் சுகம் முத்தையாவின் முதல் கவலையாக இருந்திருக்க முடியாது. இரும்புக் கம்பிகள் மோதாமல், எழுத்து முழுசாக விழுந்தால் போதும் என்பதுதான் அன்றைய தேவை. கம்பி போய்க் கணினி வந்த பிறகும் அந்தத் துண்டு துண்டான வரிசை போகவில்லை என்பதுதான் வேடிக்கை.

1987-இல் இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன் பின் கணினி பரவப் பரவ மலையகத்துக் கடிதங்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், மரண அறிவித்தல்கள் எல்லாமே ‘பாமினி’ எழுத்துருவில் வந்தன. ஹட்டனில் எந்தக் கொமினிகேஷன் கடையிலும் அதுதான். பாமினியின் வரிசை தட்டெழுத்துப் பொறியின் வாரிசு. அதில் ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து விசைகள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரையில் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் நிற்கும். பென்டிரைவில் நோட்டீஸைக் கொண்டுபோய் வேறு கடையில் திறந்து திகைத்தவர்கள் எத்தனையோ பேர்.

விரலுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க, மலையகத்தில் அதிகம் அடிபடும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பாமினியில் ‘தேயிலை’ என்று அடிக்க முதலில் இடது சின்னவிரலால் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் ‘என்’. பிறகு வலக்கை ‘ஜே’, இடக்கை ‘ஏ’, மறுபடி வலக்கையே ‘பி’, ‘ஐ’, ‘வை’. ஆறு தட்டில் ஐந்து வலக்கைக்கு. அதிலும் சுட்டுவிரல் ஒன்றே மூன்று வரிசைக்கும் ஏறி இறங்குகிறது.

அதே சொல்லைத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடித்தால் த, ஏ, ய, இ, ல, ஐ. இங்கும் ஆறு தட்டுதான். ஆனால் வலம், இடம், வலம், இடம், வலம், இடம் என்று கை மாறி மாறிப் போகும். ஷிப்ட் கிடையாது. ஒரு கை அடிக்கும்போது மறு கை ஓய்கிறது.

இது தற்செயலாக அமைந்ததல்ல. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ விசைப்பலகையை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளைச் செய்தார். இவர்களைப் போன்றோரின் முயற்சிகள் முன்னே இருக்க, 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தமிழ்99-ஐத் தரமாக ஏற்றது. உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. மெய்களில் வ, ங இரண்டும் இடப்புறம் போக, மற்றவை வலக்கைக்கு. அடிக்கடி வரும் அ, இ, உ, க, ப, ம, த, ந எல்லாம் விரல் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஆய்தத்தையும் சேர்த்து 31 விசைகளில் 247 எழுத்தும் முடிந்தது.

இலங்கை வேறு வழியில் போனது. இங்கே 2008-இல் வந்த தமிழ்க் கணினித் தரம் எஸ்எல்எஸ் 1326, பழைய தட்டெழுத்து மரபில் வந்த ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றது. ஏற்கெனவே பயின்ற தட்டெழுத்தாளர்களுக்கு அது நியாயம்தான். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அது நியாயமில்லை. பொறியைப் பார்த்தேயிராத ஒரு மாணவி, இரும்புக் கம்பிகளுக்காக வகுத்த வரிசையை எதற்குச் சுமக்க வேண்டும்?

ஆங்கிலத்திலும் இதே கதைதான். அகஸ்ட் துவோராக் 1936-இல் விரலுக்கு இதமான வரிசைக்குக் காப்புரிமை பெற்றார், உலகம் குவெர்ட்டியை விடவில்லை. அதனால் அங்கே சீர்திருத்தம் பலகையின் உருவத்துக்குப் போனது. ஜெர்மானியர் க்ளோக்கன்பெர்க் 1926-லேயே பலகையை இரண்டாகப் பிளந்து சரிக்கச் சொல்லியிருந்தார், கேட்க ஆள் இல்லை. பழைய பொறியில் வரி முடிந்தால் வண்டியைத் தள்ள வேண்டும், தாள் மாற்ற வேண்டும். அது கைக்கு இளைப்பாறல். கணினி அதைப் பறித்தது. 1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் தட்டெழுத்தாளர்களின் கைவலி பெரும் தொழிற்பிரச்சினையாக வெடித்தது. மைக்ரோசாஃப்ட் 1994-இல் நடுவில் பிளந்து வளைந்த ‘நேச்சுரல்’ கீபோர்டை விற்க ஆரம்பித்த பிறகுதான் சாதாரண மேசைகளில் இந்த உருவம் ஏறியது.

பிளந்த பலகை மணிக்கட்டு வெளிப்பக்கம் திருகுவதைக் குறைக்கிறது, அது உண்மை. ஆனால் ‘தேயிலை’யின் ஐந்து தட்டு வலக்கைக்கே விழும்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பலகையும் அந்த ஐந்தை நான்காக்காது. தமிழில் அடிப்பவர் முதலில் மாற்ற வேண்டியது வரிசையை. விண்டோஸிலும் ஐபோனிலும் தமிழ்99 கூடவே வருகிறது. ஒரு ரூபாய் செலவில்லை.

பிறகு மேசை. எழுதுவதற்காகச் செய்த பழைய ஆபிஸ் மேசை தட்டெழுத்துக்கு உயரம் அதிகம். அதனால்தான் அந்தக் காலத்தில் பொறிக்கென்று தாழ்வான தனி மேசை இருந்தது. முழங்கை உயரத்தில் விசைகள் இருக்கட்டும். கீபோர்டின் பின்கால்களை மடக்கி வையுங்கள். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். சம்பளக் கணக்குப் போடுகிறவர் எண் விசைகள் இல்லாத சிறிய பலகையும் தனியான எண் பலகையும் வாங்கினால் மவுஸ் கைக்கு அருகில் வரும். மார்கழிக் குளிரில் விரல் விறைத்திருந்தால் சூடான தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

தோட்டத்துப் பாடசாலைகளில் கணினி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் கேட்க ஒன்று உண்டு. பரீட்சைக்குத் தேவையென்றால் ரெங்கநாதனைப் பிறகு பழக்குங்கள். பிள்ளையின் விரல் முதன்முதலில் விசையைத் தொடும் அன்று தமிழ்99-இல் ஆரம்பியுங்கள்.