பாசேஜ், பாஸ், ஸ்டாண்ட்பை: தங்கவயல் இருப்புப்பாதையிலிருந்து ஒரு சொல்வரலாறு

விமான நிறுவன ஊழியர்களின் பயணச் சலுகை பற்றிப் பேச்சு எழும்போது, "அவர்களுக்கென்ன, இலவசமாகவே பறக்கலாம்" என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. ஊழியருக்குக் கிடைப்பது பயணம் அன்று. விற்காமல் எஞ்சும் இருக்கைக்காகக் காத்திருப்போர் வரிசையில் ஓர் இடம் மட்டுமே. உலகெங்கும் இதற்கு 'ஸ்டாண்ட்பை' என்று பெயர். கடற்படை வழக்கில், உதவிக்கு அருகில் ஆயத்தமாக நிற்கும் கப்பலைக் குறித்த சொல் அது.

இந்தச் சலுகையின் முன்வரலாற்றைக் கோலார் தங்கவயலிலிருந்து பார்ப்பது பொருத்தமானது என்பது என் கருத்து. அங்கு விமான நிலையம் இல்லை. ஆனால் யார் பயணம் செய்யலாம், யார் செலவில் செய்யலாம் என்பதை வேலையே தீர்மானித்த ஊர் அது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் காலூன்றியபின், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஒப்பந்தக்காரர்கள்வழி வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1894-இல், அன்று பவுரிங்பேட்டை எனப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து சுரங்கப் பகுதிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிகுப்பம் என்று அதன் நிலையப் பெயர்களே சுரங்கங்களின் வரலாற்றைச் சொல்லும். ஆனால் தொழிலாளியின் நடமாட்டம் நிருவாகத்துக்கு ஐயத்திற்குரியதாகவே இருந்தது. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் இன்னொன்றில் சேராமலிருக்கக் கைரேகைப் பதிவு கொண்டுவரப்பட்டபோது, 1930-இல் அதை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது.

அதே காலத்தில் மேலிருந்தவர்களின் பயணம் எப்படிப் பேசப்பட்டது? 1924-இல் லீ ஆணையம், உயர்பணிகளிலிருந்த ஐரோப்பிய அலுவலர்களுக்குப் பணிக்காலத்தில் நான்கு முறை இங்கிலாந்து சென்றுவர அரசே கப்பற்கட்டணம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பெயர் 'பாசேஜ்'. கப்பல் போனபின்னும் சொல் போகவில்லை. ஏர் இந்தியாவில் ஊழியர் பயணச்சலுகையைக் குறிக்கப் பல பத்தாண்டுகள் வழங்கிய சொல்லும் 'பாசேஜ்' தான்.

தமிழர் வாழ்வில் ஆழப் பதிந்த சொல் 'பாஸ்'. பங்காருப்பேட்டை, ஜோலார்பேட்டை போன்ற சந்திப்புகளின் இரயில்வே குடியிருப்புகளில் ஆண்டின் நாட்காட்டியே பாஸைச் சுற்றி அமைந்தது. 1986-ஆம் ஆண்டு விதிகளின்படி, சாதாரண ஊழியருக்கு முதல் ஐந்தாண்டுகள் ஆண்டுக்கு ஒரு செட், பின்னர் மூன்று செட். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் நான்கு பி.டி.ஓ. குடும்பத்தார் பெயரும் வழித்தடமும் பாஸிலேயே எழுதப்பட்டிருக்கும். வழியில் இறங்கித் தங்கிச் செல்லவும் இடமுண்டு. ஓய்வுபெற்றபின்னும், எண்ணிக்கை குறைந்தாலும், பாஸ் தொடரும். ஊழியர் இறந்தபின் அவர் மனைவிக்கும் அதில் ஒரு பங்குண்டு. இதை எண்ணலாம், குறைந்தால் கேட்கலாம், சங்கம் வழக்காடலாம். அந்த வகையில் பாஸ் என்பது சலுகை என்ற பெயரில் வந்த உரிமை.

'சலுகை' என்ற தமிழ்ச் சொல்லே இங்குக் கவனிக்கத்தக்கது. பழைய அகராதிகளில் அதற்குப் பெரியோரிடம் ஒருவருக்குள்ள செல்வாக்கு, ஆதரவு என்னும் பொருளே முன்நிற்கிறது. ஸ்டாண்ட்பை அந்தப் பழைய பொருளுக்கு அருகில் நிற்கிறது.

அது இயங்கும் முறை இது. ஊழியர் தம் பெயரையும் சார்ந்தோர் பெயரையும் குறிப்பிட்ட விமானத்திற்குப் பதிந்துகொள்கிறார். கட்டணம் செலுத்தியோர் ஏறியபின் இருக்கை எஞ்சினால் முன்னுரிமைப்படி அழைக்கப்படுவார். அம்முன்னுரிமை சில நிறுவனங்களில் பணியில் சேர்ந்த நாளைப் பொறுத்தது. சிலவற்றில் செக்-இன் செய்த நேரத்தைப் பொறுத்தது. பிற நிறுவன விமானங்களில் செல்ல 'செட்' எனப்படும் ஒப்பந்தக் கட்டணமுறை உண்டு; ஆங்கிலத்தின் மூன்று முதலெழுத்துகளால் ஆன பெயர், பாஸைக் கணக்கிடும் செட்டுக்கும் இதற்கும் உறவில்லை. பறந்துவிட்ட விமானத்தின் காலியிருக்கையை மறுநாள் விற்க முடியாது. ஆகவே அதை ஊழியருக்குத் தருவதில் நிறுவனத்திற்கு இழப்பு மிகக் குறைவு. இந்தப் பொருளியலே இச்சலுகையின் தாராளத்துக்கும் நிலையின்மைக்கும் ஒருசேரக் காரணம். 1978-இல் அமெரிக்காவில் கட்டண விடுவிப்பு வந்தபின், இருக்கைகளை முன்கணித்து விற்கும் முறை வளர்ந்தது. எஞ்சும் இருக்கை சுருங்கியது. இந்திய உள்நாட்டு விமானங்களிலும் அண்மை ஆண்டுகளில் பல மாதங்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கைகள் நிரம்புகின்றன.

ஆகவே இதை நன்கு பயன்படுத்துவோர் எஞ்சுவதைக் கணிக்கக் கற்றவர்கள். தீபாவளியையும் பள்ளி விடுமுறையையும் தவிர்த்துச் செவ்வாய், புதன் கிழமைகளைத் தேர்வார்கள். நாளின் முதல் விமானத்துக்குச் செல்வார்கள். அது தவறினால் அடுத்தவை இருக்கும். கைப்பையோடு நிறுத்திக்கொள்வார்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்து ஏறவும் ஆயத்தமாக இருப்பார்கள். திருமணத்துக்கோ துக்கத்துக்கோ போவதானால் டிக்கெட் வாங்கிவிடுவார்கள். சென்னைக்குப் போகவேண்டியவர் பெங்களூரில் இடமின்றி நின்றால், இரயில் நேரம் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அந்த இரயில் பங்காருப்பேட்டை வழியாகவே செல்லும் என்பது வேறு செய்தி.

இன்னொரு விலையும் உண்டு. ஸ்டாண்ட்பையில் பறப்பவர் பயணியாகவும் ஊழியராகவும் ஒரே நேரத்தில் கருதப்படுகிறார். 2017 மார்ச்சில் யுனைடெட் நிறுவனத்தின் பாஸில் பயணம் செய்யவந்த இரு சிறுமியர், லெகிங்ஸ் அணிந்திருந்ததால் டென்வரில் தடுக்கப்பட்டனர். கட்டணப் பயணிக்கு அந்த உடைவிதி இல்லை. உறவினருக்குப் பெற்ற சலுகையை விற்றதாகத் தெரிந்தால் வேலையே போகலாம்.

வேலையோடு ஒட்டியது வேலையோடு போகும். 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது அதன் ஊழியர்களின் பயணச்சலுகையும் பொருளிழந்தது. தங்கவயல் இதை முன்பே அறிந்திருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது சுமார் 3,500 பேர் வேலை இழந்தனர். அவ்வேலையோடு வந்த மருத்துவமனையும் நீரும் விளக்கும் லைன் வீடும் ஒவ்வொன்றாகக் கேள்விக்குள்ளாயின. அதன்பின் ஊரின் உழைப்பு மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் பெங்களூரு சென்று திரும்புகிறது. காவற்பணி, துப்புரவு, கட்டுமானம், கணினி அலுவலகம் என்று பல வேலைகள். கையிலிருப்பது சொந்தக் காசில் வாங்கிய சீசன் டிக்கெட். இடம் கிடைக்காதவர் பெங்களூரு வரை நின்றே செல்கிறார்; அவரை எவரும் ஸ்டாண்ட்பை என்று அழைப்பதில்லை.

2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்தபின் அந்த உழைப்புச் சந்தை மேலும் விரிந்தது. இன்றைய விமான நிலையங்களில் பெட்டி ஏற்றுவோரும் தரை துடைப்போரும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். விமான நிறுவனத்தின் சம்பளப்பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பொதுவாகக் காத்திருப்புப் பட்டியலிலும் பெயர் இல்லை. 'பாசேஜ்' பெற்ற அலுவலருக்கும் கைரேகை வைக்கச் சொல்லப்பட்ட சுரங்கத் தொழிலாளிக்கும் இடையே 1930-இல் இருந்த கோடு, வேறு பெயர்களில் இங்கே தொடர்வதாகவே நான் வாசிக்கிறேன்.

பங்காருப்பேட்டை, ஜோலார்பேட்டை இரயில்வே குடியிருப்புகளிலும் தங்கவயல் லைன்களிலும் வளர்ந்தவர்கள் இங்கு இருப்பீர்கள். பாஸ், செட், சீசன், ஸ்டாண்ட்பை குறித்து உங்கள் வீடுகளில் வழங்கிய வேறு சொற்கள் இருந்தால், ஊரும் ஏறத்தாழ ஆண்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். தொகுத்து வருகிறேன்.