கண்ணுக்கு இடும் மை

எங்கள் வீட்டில் மை செய்வது ஒரு நாள் காரியம். வயல் வரப்பிலிருந்து கரிசலாங்கண்ணியைப் பறித்து வந்து, இடித்துச் சாறு பிழிந்து, வெள்ளைத் துணியை அதில் தோய்த்து நிழலில் உலர்த்துவாள் பாட்டி. உலர்ந்த துணியைத் திரியாகத் திரித்து, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, மேலே ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்துவிடுவாள். ராத்திரி முழுவதும் விளக்கு எரியும். விடிந்ததும் தட்டின் அடியில் பட்டுப்போலப் புகை படிந்திருக்கும். அதை வழித்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. அந்தத் தட்டைத் தொட்டுவிட்டு நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை.

இதெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் என் தங்கை வீட்டில் நடந்த ஒரு சண்டை. தங்கையின் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வடக்கே யாத்திரை போய் வந்த உறவினர் ஒருவர், குழந்தைக்கென்று சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சாம்பல் கலந்த கறுப்பில், வெயிலில் காட்டினால் மினுமினுக்கிற தூள். சுர்மா. "கல்லை அரைத்துப் பண்ணினது, கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தாயார் குப்பியைத் திறந்தாள். குழந்தையின் தாய் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

"நீயே சொல்லுடா. உனக்கு இட்டேன், உன் தங்கைக்கு இட்டேன். யாருக்குக் கண் அவிஞ்சு போச்சு?" என்றாள் அம்மா. பத்து வயதிலேயே மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்ட நான் என்ன சொல்வது?

"மாமா, பாட்டி செஞ்ச மை வேற, இது வேற. இதிலே ஈயம் இருக்குமாம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றாள் பெண்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ரசாயனத்தில் எனக்கு நினைவிருப்பது அழுகின முட்டை நாற்றம் ஒன்றுதான். ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று என் குடும்பத்தார் நம்புகிறார்கள். இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் குழந்தையின் கண்ணை மறந்து எகிப்துக்கே போய்விட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எகிப்தியர்கள் கண்ணுக்கு மை இடாமல் ஒரு காரியமும் செய்ததாகத் தெரியவில்லை. ராஜா, ராணி, எழுத்தன், உழவன், ஆண், பெண் எல்லாருக்கும் மை. நர்மேர் என்ற அரசனின் கற்பலகை ஒன்று 1898-ல் தோண்டி எடுக்கப்பட்டது. ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தியது. அரசன் பகைவனைத் தலைமயிரைப் பிடித்து அடிக்கும் சிற்பம் அதன் ஒரு பக்கத்தில் இருக்கிறது. மறுபக்கத்தின் நடுவில் வட்டமாக ஒரு குழி. அந்த ஜாதிப் பலகைகளெல்லாம் மை அரைக்கிற பலகைகள். அந்தக் குழி அதற்கான இடம். ஒரு ராஜ்யத்தின் வெற்றியைச் செதுக்குவதற்கு அவர்களுக்கு அம்மியைவிடச் சிறந்த இடம் தோன்றவில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

அவர்கள் பச்சை மை ஒன்றும் கறுப்பு மை ஒன்றும் வைத்திருந்தார்கள். பச்சை, செம்புக் கனியிலிருந்து. கறுப்பு, 'கலீனா' என்னும் கல்லிலிருந்து. கலீனா என்பது ஈயமும் கந்தகமும் சேர்ந்த கனி. எடையில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்குக்கு மேல் ஈயம். சவக்குழிகளில் செத்தவர்களுக்குத் துணையாக வைத்த மைக்குப்பிகளில் பல இப்போது பாரிஸிலுள்ள லூவர் மியூசியத்தில் இருக்கின்றன. சிலவற்றில் மை அப்படியே இருக்கிறது. பிரெஞ்சு ரசாயனிகள் அந்தத் தூளை எடுத்துப் பரிசோதித்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். கலீனாவோடு வேறு இரண்டு ஈய உப்புகளும் அதில் கலந்திருந்தன. அந்த அளவுக்கு அவை இயற்கையில் அகப்படாதவை. ஈயச் சுண்ணத்தை உப்பு நீரில் போட்டு, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் கிடைக்கும். ஆக, நாலாயிரம் வருஷத்துக்கு முன்பு யாரோ ஒரு மனிதன் பானைக்கு முன்னால் உட்கார்ந்து பொறுமையாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

எதற்காக? அழகுக்கு என்றால் கலீனாவே போதும். வைத்தியத்துக்காக என்பதுதான் அந்த ரசாயனிகளின் ஊகம். நைல் நதி பெருகி வடியும்போது கண்ணோய் பரவும் தேசம் அது. எபர்ஸ் சுவடி என்று பெயர் பெற்ற பழைய எகிப்திய வைத்தியச் சுவடியில் கண்ணுக்கான மருந்துகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பிறகு 2010-ல் அதே கூட்டத்தார் இன்னொரு சோதனை செய்தார்கள். அந்த ஈய உப்பில் மிக மிகச் சொற்ப அளவைத் தோலின் உயிரணுக்கள் மேல் விட்டபோது, கிருமியை எதிர்க்கும் வேலைக்குத் தூண்டுகோலான ஒரு பொருளை அவை அதிகமாகச் சுரந்தன. எகிப்தியர் சொன்னது சரிதான் என்று பத்திரிகைகள் எழுதின. சுர்மா விற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? ஆனால் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணு வேறு; விரலை வாயில் வைத்துச் சப்புகிற குழந்தை வேறு. அந்தச் சோதனை இதைப்பற்றிப் பேசவே இல்லை.

மையை அரபு மொழியில் 'குஹ்ல்' என்பார்கள். முன்னே 'அல்' சேர்த்து 'அல்-குஹ்ல்'. மிக நுண்ணிய தூள் என்று ஆரம்பித்த அந்தச் சொல் ஐரோப்பிய ரசவாதிகள் கையில் சிக்கி, வடித்தெடுத்த சாரம் என்று பொருள் மாறி, கடைசியில் சாராயத்தின் சாரத்துக்குப் பெயராகிவிட்டது. ஆல்கஹால் என்று நாம் சொல்வது கண் மையைத்தான். மதுவிலக்குக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

இத்தாலியப் பெண்கள் மையோடு நிற்கவில்லை. ஒரு செடியின் சாற்றைக் கண்ணுக்குள்ளேயே விட்டுக்கொண்டார்கள். பாப்பா விரிந்து கண் பெரிதாக, கறுப்பாகத் தெரியும். பக்கத்திலிருப்பது மட்டும் தெரியாது. அந்தச் செடியின் பெயரே 'பெல்லடோனா', அழகி என்று அர்த்தம். 1753-ல் லின்னேயஸ் அதற்கு முன்னால் 'அட்ரோப்பா' என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார். அட்ரோப்பாஸ் என்பவள் கிரேக்கப் புராணத்தில் ஆயுளின் நூலை அறுப்பவள். கண் டாக்டர் இன்று பாப்பாவை விரிக்க விடுகிற சொட்டு மருந்துகளில் ஒன்றான அட்ரோப்பின் இந்தச் செடியின் சத்துதான்.

எகிப்தையும் இத்தாலியையும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, அமெரிக்காவின் கதையைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

1933-ல் அங்கே 'லாஷ் லூர்' என்று ஒரு சரக்கு விற்பனைக்கு வந்தது. இமைமயிருக்கு ஏற்றுகிற சாயம். தினம் மை இட்டு அழிக்கிற தொல்லை இல்லை. அழகு நிலையத்தில் ஒரு தடவை ஏற்றிக்கொண்டால் பல நாள் நிற்கும். அதில் இருந்தது பாரா-பெனிலின்-டயமின் என்ற சாயப்பொருள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நெருப்பு. பல பெண்களுக்கு இமை வீங்கிப் புண்ணாயிற்று. சிலருக்குப் பார்வை போயிற்று. ஒருத்தி உயிரையே இழந்தாள்.

சர்க்கார் என்ன செய்தது? ஒன்றும் செய்ய முடியவில்லை. அமெரிக்காவின் 1906-ஆம் வருஷத்துச் சட்டம் உணவையும் மருந்தையும்தான் கவனித்தது. அழகுப் பொருள் என்ற வார்த்தையே அதில் கிடையாது. கண்ணைக் கெடுக்கிற சரக்கைக் கடையில் வைத்து விற்பது குற்றமாக இல்லை. கையாலாகாத அந்த அதிகாரிகள் கடைசியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். சட்டத்துக்கு அகப்படாத டப்பாக்கள், குப்பிகள், அவற்றின் விளம்பரங்கள். லாஷ் லூர் போட்டுக்கொள்வதற்கு முன் ஒரு பெண் சிரித்த முகத்தோடு இருந்த படம், பக்கத்தில் போட்டுக்கொண்ட பின் எடுத்த படம். நிருபர் ஒருவர் அதற்குப் 'பயங்கர அறை' என்று பெயர் வைத்தார். ரூத் லாம்ப் என்ற பெண்மணி அந்த இலாகாவில் இருந்தவர். அந்தப் பெயரிலேயே 1936-ல் புத்தகம் எழுதினார்.

ஆனாலும் சட்டம் வரவில்லை. அழகுப்பொருள் வியாபாரிகளும் மருந்து வியாபாரிகளும் அவர்கள் விளம்பரத்தால் பிழைத்த பத்திரிகைகளும் ஐந்து வருஷம் இழுத்தடித்தார்கள். 1937-ல் வேறொரு கம்பெனியின் இருமல் மருந்து போன்ற தித்திப்பான மருந்து ஒன்று நூறு பேருக்கு மேல் கொன்றது. அவர்களில் பலர் குழந்தைகள். அதற்கப்புறம்தான் 1938 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். பெண்களின் கண் போனது போதவில்லை. புதிய சட்டத்தின் கீழ் முதன்முதலாகப் பறிமுதலான அழகுச் சரக்கு லாஷ் லூர்.

அதிலும் ஒரு சந்து விட்டார்கள். தலைமயிர்ச் சாயத்தில் அந்தப் பொருள் இருக்கலாம். எச்சரிக்கை மட்டும் அச்சிட வேண்டும். இதைப் படித்ததும் எழுந்துபோய் எங்கள் அலமாரியைத் திறந்தேன். நாற்பதைத் தாண்டியவன் வீட்டு அலமாரியில் என்ன இருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயப் பெட்டியின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், இமைக்கும் புருவத்துக்கும் தடவக் கூடாது, தடவினால் பார்வை போகலாம் என்று இருந்தது. எத்தனையோ வருஷமாக அந்தப் பெட்டியைக் கிழிக்கிறேன். ஒரு நாளும் படித்ததில்லை. நம் தேசத்து விதியும் அந்த வாசகத்தைக் கேட்கிறது. 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தில் அழகுப் பொருள்களைச் சேர்த்தது 1962-ல். நிறத்துக்காக ஈயமோ பாஷாணமோ சேர்த்த அழகுப் பொருளை இங்கே விற்கக் கூடாது. யாத்திரை ஸ்தலத்துத் தெருவோரத்தில் குப்பி விற்பவனுக்கு அந்த விதியை யார் போய்ப் படித்துக் காட்டுவது?

அதே அலமாரியில் என் மனைவியின் கண் கிரீம் இருந்தது. கட்டைவிரல் அளவு டப்பா. விலையைச் சொன்னால் எனக்குத்தான் அவமானம். கண்ணடிக் கருமையின் 'தோற்றத்தை'க் குறைக்கும் என்று அதன்மேல் எழுதியிருந்தது. கருமையைக் குறைக்கும் என்று சொல்லவில்லை, பாருங்கள். உடம்பின் அமைப்பை மாற்றும் என்று சொன்னால் 1938-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டப்படி அது மருந்தாகிவிடும். மருந்தென்றால் நிரூபிக்க வேண்டும். தோற்றம் என்ற ஒரு சொல்லால் அந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்தது. சொல்லைத் தேடித் திரிகிற என் போன்றவர்கள் அந்த வாசகம் எழுதியவரிடம் பாடம் கேட்கலாம். வாசனை இல்லாததாக, திறந்த தேதி நினைவிருப்பதாக, இமையின் விளிம்பைத் தொடாமல் தடவுவதாக இருந்தால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. தோலுக்கு ஈரம் தரும். தூங்காமல் வருகிற கருமைக்குத் தூக்கம் உண்டு. பிறப்பில் வருகிற கருமையை டப்பா என்ன செய்யும்?

இரண்டு நாள் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் எகிப்தைப் பற்றிப் பேசவில்லை. சுர்மா இட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியதைப் பற்றி இங்கிலாந்து டாக்டர்கள் 1978-லேயே எழுதியதைச் சொன்னேன். பாஸ்டன் நகரத்தில் 2011-ல் ஒரு கைக்குழந்தைக்கு இதே கதை. நைஜீரியாவிலிருந்து வந்த கண் மை. அதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் ஈயம். கண்ணில் இட்டது கண்ணோடு நிற்பதில்லை, கண்ணீரோடு மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது, குழந்தை கண்ணைக் கசக்கின கையை வாயில் வைக்கிறது, வயிற்றுப் புளிப்பில் ஈயம் கரைகிறது, வளர்கிற மூளையைத் தொடுகிறது என்றேன். அம்மா மடியிலிருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் செய்யற மையிலே ஈயம் ஏதுடா?"

"இல்லேம்மா. அது வெறும் புகைதான். ஆனா டாக்டர் அதையும் கண்ணுக்குள்ளே இட வேண்டாங்கறார். விரல் அழுக்குப் படும், கண்ணீர் வர்ற துவாரம் அடைச்சுக்கும். இடறதாலே கண் பெரிசாகவும் ஆகாதாம்."

அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்குக் கண்ணாடி வந்ததே, அது மையினாலயா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சண்டைக்குக் கேட்கவில்லை, இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததுபோல் கேட்டாள். "இல்லேம்மா, அது அப்பா வழி. அப்பாவும் கண்ணாடி போட்டவர்தானே" என்றேன். அது உண்மையும்கூட.

பெண் உள்ளே போய்ப் பித்தளைத் தட்டை எடுத்துவந்து பாட்டி முன்னால் வைத்தாள். "கன்னத்திலேயும் உள்ளங்காலிலேயும் வெச்சுடு பாட்டி, திருஷ்டிக்கு. கண்ணுக்கு வேண்டாம்" என்றாள். அம்மா மோதிர விரலால் மையைத் தொட்டு, குழந்தையின் வலது கன்னத்தில் ஒன்றும் இரண்டு உள்ளங்கால்களிலும் ஒவ்வொன்றும் வைத்தாள். விரலில் மீந்ததை எங்கே துடைப்பதென்று தெரியாமல் சற்றுப் பார்த்துவிட்டு, என் கன்னத்தில் தடவினாள்.

சுர்மாக் குப்பியைத் துணியில் சுற்றி நான் எடுத்துவந்துவிட்டேன். எழுதும் மேஜையின் பூட்டின இழுப்பறையில் இருக்கிறது. ஈயத்தைக் குப்பையில் போடலாமா என்று இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.