இடம் மட்டும் போதாது: மன்னார்க் கரையில் உயிர் தங்கிய வரலாறு

சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில்தான் சந்திரனும் இருக்கிறது. இரண்டின் மேலும் விழும் வெயில் ஒன்றே. ஆனால் சந்திரனில் மூச்சுவிடக் காற்றில்லை, ஓடும் நீரில்லை, உயிரில்லை. விண்மீனிலிருந்து தக்க தொலைவில் அமைவது ஒரு கோளுக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு மட்டுமே. வந்த நீரையும் காற்றையும் வெப்பத்தையும் பிடித்து வைக்கவும் சுழலவிடவும் அதனால் முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. வளிமண்டலம் வெப்பத்தைத் தடுத்து வைக்காவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் அளவில் இருந்திருக்கும். இன்று அது 15 பாகையை ஒட்டி நிற்கிறது. செவ்வாய் தன் காந்தப்புலத்தை இழந்தது. காலப்போக்கில் காற்றின் பெரும்பகுதியையும் இழந்தது. வெள்ளியிலோ காற்று மிகுந்து, தரை 460 பாகைக்கு மேல் கொதிக்கிறது.

இதே கேள்வியை ஒரு கரையைப் பார்த்தும் கேட்கலாம். இலங்கையின் வடமேற்கில், கடலுக்குள் 26 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கும் மன்னார்த் தீவுக்கு அமைவிடத்தில் ஒரு குறையும் இல்லை. வடக்கே பாக்குக் குடா, தெற்கே மன்னார் வளைகுடா. தலைமன்னாரிலிருந்து மணல்திட்டுகளைத் தொட்டுச் சென்றால் தனுஷ்கோடி. கிழக்கும் மேற்கும் போன கப்பல்களுக்கு இது வழியோர இடமாக இருந்தது. ஆனால் தீவில் ஆறில்லை, குன்றில்லை. மண் பெரும்பாலும் மணல். ஆண்டு மழை 1000 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில், அதன் பின்னால் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று. இந்தக் கரைக்கு மனிதரை அழைத்து வந்தது கடல். அவர்களைத் தங்க வைத்தது நன்னீர்.

தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் இருந்த மாந்தை, மாதோட்டம் என்றும் பாளி நூல்களில் மகாதித்த என்றும் பெயர் பெற்ற துறைமுகம். அனுராதபுர அரசுக்கு அதுவே கடல்வாசல். அங்குள்ள திருக்கேதீச்சரத்தைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கின்றனர். சோழர் ஆட்சியில் இராசராசனின் அதிகாரி ஒருவர் இங்கே இராசராச ஈச்சரம் என்ற கோயிலை எடுப்பித்தார். ஊருக்கும் இராசராசபுரம் என்ற பெயர் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வில் சீன மட்பாண்டங்களும் மேற்காசிய மெருகுப் பாண்டங்களும் மணிகளும் வெளிவந்தன. 2009–10 அகழ்வில் எடுத்த மண்ணை நீரில் அலசியபோது கருகிய மிளகும் கோதுமையும் ஒரு கராம்பும் அகப்பட்டன. இவை எல்லாவற்றையும்விட மிகுதியாக இருந்தது நெல். கராம்பு கிழக்கே மலுக்குத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தது. அன்றாடம் உலையில் ஏறும் அரிசிக்குத் துறைமுகத்தின் பின்னால் வயலும், வயலுக்குப் பின்னால் குளமும் வேண்டும்.

அந்தக் குளங்களுக்கு நீரைத் தந்தது அருவியாறு. மேல்பகுதியில் மல்வத்து ஓயா என வழங்கும் இந்த ஆறு 164 கிலோமீட்டர் ஓடி, அனுராதபுரத்தைத் தொட்டு, மன்னார்க் கரையில் கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் கரைபுரளும், கோடையில் மணல் தெரியும். வெள்ளம் கடலில் கலக்கும் முன்பே அதைத் திருப்ப, தேக்கம் என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே கல் அணை கட்டினர். அங்கிருந்து வாய்க்கால் வழியே நீர் கட்டுக்கரைக் குளத்துக்கு வரும். கட்டுக்கரையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குளங்களுக்குப் பிரியும். மேல்வயலில் பாய்ந்து வடிந்த நீர் அடுத்த குளத்தில் சேர்ந்து கீழ்வயலுக்குப் போகும். மூன்று மாத மழை ஒரு முழு ஆண்டுக்குத் தாங்குவது இந்தச் சுழற்சியால்தான்.

கட்டுக்கரைக் குளத்தை ஐந்தாம் நூற்றாண்டின் தாதுசேனனோடு இணைத்துச் சொல்வது வழக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு செய்த குளத் திருப்பணிகளிலும் இது சேர்த்துப் பேசப்படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் வறண்ட வலயத்தின் அரசுகள் தளர்ந்து, பராமரிக்க ஆளில்லாமல் குளங்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஆறு இடம் மாறிவிடவில்லை. உடைப்பை அடைக்கவும் வாய்க்காலைத் தூர்வாரவும் கூடி வந்த கைகள்தான் இல்லாமற் போயின. வயல் காடாயிற்று. கட்டுக்கரை மீண்டும் நெல் விளைக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் அதைச் சீரமைக்க வேண்டியிருந்தது.

தீவுக்குள் நிலைமை வேறு. அங்கே குளத்தின் வேலையை மணலே செய்கிறது. மணலில் இறங்கும் மழைநீர், அடியில் ஊறிக் கிடக்கும் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே அதன்மேல் மிதந்து நிற்கும். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், அடியில் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாடொன் கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் ஐரோப்பியக் கரைகளில் தனித்தனியே கண்டறிந்த விதி இது. மன்னார் போன்ற தாழ்ந்த தீவில் நன்னீர்ப் படலம் அவ்வளவு தடிமனாக இராது. ஆயினும் சில முழம் மணலைத் தோண்டிப் பூவல் என்ற சிறுகிணறு எடுத்தால் குடிக்கத் தண்ணீர் ஊறும். கூடுதலாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். இன்ன கிணற்றில் இவ்வளவுதான் இறைக்கலாம் என்ற அளவு, தீவின் வாழ்க்கையிலேயே படிந்த அறிவு.

தீவின் மரங்களும் இதே கணக்கில் வாழ்பவை. பனைக்குப் பாசனம் தேவையில்லை. அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஆப்பிரிக்கப் பெருக்க மரம், மழைக்காலத்து நீரைத் தன் பருத்த அடிமரத்திலேயே சேர்த்து வைத்துக் கோடையைக் கடக்கிறது. பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீட்டர். உயரமோ அதில் பாதிகூட இல்லை. மீனவரும் காற்றின் கணக்கறிந்தே இடம் மாறினர். சோழகம் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும்; வாடைக்காற்றில் இது தலைகீழாகும். பருவத்துக்கேற்ப மீன்வாடிகளைத் தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோவது இக்கரையின் நெடுங்கால வழக்கம்.

நன்னீர் இல்லாமல் ஓர் ஊர் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை முத்துக்குளிப்பு நடந்த ஒவ்வோர் ஆண்டும் காட்டியது. 1560இல் மன்னாரில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர் என மூவரும் கண் வைத்தது தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பாலிருந்த, சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான முத்துப் பார்களின் மேல்தான். முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. இரு பருவக்காற்றுகளுக்கு இடையில், மாசியிலும் பங்குனியிலும் கடல் அடங்கும் வேளையில் பல்லாயிரம் பேர் வெறும் மணலில் கூடினர். கடைத்தெரு, காவல், நீதிமன்றம், மருத்துவமனை எல்லாம் ஓலைக் கொட்டகைகளில் எழுந்தன. நள்ளிரவில் தரைக்காற்றில் புறப்படும் தோணிகள் விடியற்காலையில் பாரை அடையும். கல்லில் காலூன்றிக் கயிற்றைப் பற்றி இறங்குபவர், ஒரு மூச்சு தாங்கும்வரை சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுவிட்டு மேலேறுவார். பிற்பகலில் கடற்காற்றுத் தோணிகளைக் கரை சேர்க்கும். அடைப்புகளில் குவித்த சிப்பி நாட்கணக்கில் அழுகிய பிறகே கழுவி முத்தெடுப்பர். ஊர் முழுதும் நாற்றம் சூழும். கொண்டச்சியில் கிணற்றுநீர் உவர்ப்பு. நல்ல தண்ணீர் வேண்டுமானால் நான்கு மைல் வடக்கே அரிப்பிலிருந்து சுமந்து வர வேண்டும். பருவம் முடிந்ததும் ஓலையைப் பிரித்துக்கொண்டு எல்லாரும் போய்விடுவர். எஞ்சுவது சிப்பியோட்டு மேடு.

ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர், மாத்தளை வரை வறண்ட காட்டினூடே நடந்தே போயினர். கடலைக் கடப்பது சில மணி நேரப் பயணம். உயிரைக் குடித்தவை வழியில் கிணறில்லாத தூரங்களும் வாந்திபேதியும். அரசு பிறகு வடபாதை எனப்பட்ட அந்த வழியில் தங்குமடங்களும் கிணறுகளும் அமைக்க நேர்ந்தது.

சிப்பிக்கும் வாழிடக் கேள்வி உண்டு. மிதந்து திரியும் இளங்குஞ்சு சில வாரங்களுக்குள் ஏதாவது கெட்டியான தளத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். கல், பவளத் துண்டு, பழைய ஓடு எதுவானாலும் சரி; தளர்ந்த மணலானால் புதைந்து சாகும். முத்து முற்ற இன்னும் சில ஆண்டுகள் அது அங்கேயே இருக்க வேண்டும். ஆகவே முத்துக்குளிப்பு திடீரென வளமாவதும் திடீரென நின்றுபோவதும் வழக்கம். 1837க்குப் பிறகு 1855 வரை குளிப்பே நடக்கவில்லை. அதிகமாக அள்ளியதே காரணம் என்று பலர் எண்ணினர். 1902இல் அரசு அழைத்துவந்த கடலியலாளர் ஹெர்ட்மன், ‘பெரிய பார்’ என்ற திட்டில் எண்ணற்ற இளஞ்சிப்பிகளைக் கண்டார். அதே ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் தேடியபோது அவை இல்லை. இடையில் வந்த தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் துடைத்துவிட்டிருந்தது. அந்தப் பாரில் ஆழமும் வெப்பமும் உணவும் சிப்பிக்கு ஏற்றவை. குஞ்சுகளும் மீண்டும் மீண்டும் வந்து படிந்தன. பிடித்து வைக்கும் தன்மை மட்டும் இல்லை. பாரில் கல் இறக்கித் தளம் அமைக்கவும், பெரிய பாரின் குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றவும் ஹெர்ட்மன் பரிந்துரைத்தார். 1905இல் எட்டுக் கோடிச் சிப்பிகள் கிடைத்தன. மறு ஆண்டில் ஒரு நிறுவனம் பார்களை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின, நிறுவனமும் கலைந்தது.

சிப்பியோடும் பவளமும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே பொருளான கல்சியம் காபனேற்று. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் வழியே புத்தளம் வரை நிலத்தடியில் விரிந்திருக்கும் சுண்ணக்கல், பழங்காலக் கடல் உயிர்களின் எச்சம். பூமி அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருப்பதில் இத்தகைய கற்களுக்கு நேரடிப் பங்குண்டு. மழை காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துப் பாறையை அரிக்கிறது. ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது. உயிர்கள் அதை ஓடாக்கிக் கல்லாக்குகின்றன. நிலத்தட்டுகள் நகரும்போது அந்தக் கல் ஆழத்துக்கு இறங்கி, எரிமலை வழியே காபன் மறுபடியும் காற்றில் ஏறுகிறது. வெப்பம் கூடினால் மழை கூடி அரிப்பும் கூடும். குறைந்தால் அரிப்பும் குறையும். இந்தச் சமநிலையை வோக்கர், ஹேஸ், காஸ்டிங் ஆகியோர் 1981இல் விளக்கினர். வெள்ளியில் இந்தச் சுழற்சி இல்லை. காபன் முழுதும் காற்றிலேயே தங்கிவிட்டது. 2017இல் ஏழு கோள்கள் கொண்டதாக அறிவிக்கப்பட்ட டிராப்பிஸ்ட்–1 விண்மீனை நோக்கி ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி திரும்பியதும் முதலில் தேடியது, அக்கோள்களில் காற்று எஞ்சியிருக்கிறதா என்பதைத்தான். உட்புறக் கோள்கள் இரண்டில் தடித்த வளிமண்டலத்தின் அடையாளம் கிடைக்கவில்லை.

மன்னாரில் இருபதாம் நூற்றாண்டு மறுபடியும் அமைவிடத்தை நம்பித் தொடங்கியது. 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும், தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து அந்த வழியை முறித்தது. பின்னர் போர் தீவின் ரயில்பாதையையும் பாலத்தையும் துண்டித்தது. இரண்டும் இப்போது திரும்பக் கட்டப்பட்டுள்ளன. மன்னார் நகரின் குழாய்நீர் பெருநிலத்தில் முருங்கன் பகுதிச் சுண்ணக்கல் ஊற்றிலிருந்து வருகிறது. தீவின் மணலில் இல்மனைட் இருப்பதால் அதை அகழும் யோசனைகள் எழுந்திருக்கின்றன, ஊரவர் எதிர்க்கின்றனர். அவர்கள் சொல்லும் காரணங்களில் முதன்மையானது கிணறு. நன்னீரைத் தாங்கி நிற்பது அந்த மணலே. மணலை எடுத்தால் மழை பெய்தாலும் தீவில் தண்ணீர் தங்காது.