நிலத்தடி நீரும் வறட்சியும்: செயற்கைக்கோள் கண்காணிப்பின் வரலாறு

நிலத்தடி நீரையும் வறட்சியையும் செயற்கைக்கோள் வழியே கண்காணித்தல் என்பது, பூமியின் ஈர்ப்பு, மண்ணின் ஈரம், பயிரின் பசுமை, நிலமட்டத்தின் இறக்கம் ஆகியவற்றை விண்ணிலிருந்து அளந்து, அவற்றின் மாற்றங்களிலிருந்து ஒரு நிலப்பரப்பில் நீர் கூடியதா குறைந்ததா எனக் கணிக்கும் முறைகளின் தொகுப்பாகும். இவற்றுள் ஆழத்திலுள்ள நீரின் அளவு மாறுவதை நேரடியாக உணரவல்லது ஈர்ப்பு அளவீடு ஒன்றே. ஒளியும் நுண்ணலையும் பெரும்பாலான நிலங்களில் சில சென்டிமீட்டருக்குக் கீழே செல்வதில்லை. ஆனால் நீருக்கு நிறை உண்டு, நிறைக்கு ஈர்ப்பு உண்டு, அந்த ஈர்ப்பை மண்ணோ பாறையோ மறைப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நிலத்தடி நீரின் நிலையை அறியப் பெரிதும் நம்பப்பட்டது கிணற்று நீர்மட்ட அளவீடே. கண்காணிப்புக் கிணறுகள் செறிந்த நாடுகள் சில. அவை அரிதாக உள்ள, அல்லது அளந்த கணக்கை வெளியிடாத நாடுகள் பல. வறட்சியைப் பொறுத்தவரை, 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட்டும் அதன்பின் வந்த அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களும், இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் இயல்பைக் கொண்டு பயிர்ச் செழிப்பை மதிப்பிட வழிசெய்தன. ஆயினும் இலை வாடுவது வறட்சியின் பிந்திய அறிகுறியாகும். அதைவிடக் கடுமையான குறை என்னவெனில், ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம் பெறும் வயல், அடியில் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதும் மேலே பச்சையாகவே காட்சியளிக்கும்.

ஈர்ப்பு அளவீட்டின் தொடக்கத்திற்கும் நீருக்கும் தொடர்பில்லை. 1957இல் ஸ்புட்னிக் பறந்தது முதலே செயற்கைக்கோள்களின் பாதை விலகல்களைக் கொண்டு பூமியின் வடிவத்தைக் கணிக்கும் முயற்சிகள் நடந்தன. 1976இல் ஏவப்பட்ட லேஜியோஸ் என்னும், லேசர் ஒளியைப் பிரதிபலிக்கும் உருண்டையின் பாதையை ஆராய்ந்தவர்கள், பூமியின் ஈர்ப்பு நிலையானதன்று, காலப்போக்கில் மாறுவது என்பதை 1983இல் காட்டினர். பனியூழியில் பனிச்சுமையால் அழுந்திய நிலம் இன்றும் மெல்ல மேலெழுவதே அம்மாற்றத்தின் காரணம் என்று விளக்கப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும் இரு செயற்கைக்கோள்களின் இடைத்தொலைவை அளந்து ஈர்ப்பை நுட்பமாக அறியலாம் என்ற கருத்து 1969இலேயே முன்வைக்கப்பட்டிருந்தபோதிலும், அதைச் செயலாக்கும் கருவிகள் உருவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அக்கருத்தின் செயல்வடிவமே நாசாவும் ஜெர்மன் விண்வெளி மையமும் இணைந்து உருவாக்கிய கிரேஸ் திட்டமாகும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பைரன் டாப்லி தலைமையில் அமைந்த இத்திட்டத்தின் இரட்டைச் செயற்கைக்கோள்கள், 2002 மார்ச் 17 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து ஏவப்பட்டு, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. நிறை மிகுந்த பகுதியை நெருங்கும்போது முன்செல்வது சற்றே கூடுதலாக ஈர்க்கப்பட்டு இடைவெளி விரியும். பின்வருவது அவ்விடத்தை எட்டும்போது அது மீண்டும் சுருங்கும். ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவிலான இம்மாற்றங்களை நுண்ணலைகள் அளந்தன. காற்றின் உராய்வால் நேரும் தடுமாற்றத்தை முடுக்கமானிகள் பிரித்துக் காட்டின. ஒரு மாத அளவீடுகளைத் திரட்டினால் உலக ஈர்ப்பின் ஒரு வரைபடம் கிடைக்கும். அடுத்தடுத்த மாத வரைபடங்களின் வேறுபாட்டில் பெரும்பகுதி நீரின் இடப்பெயர்ச்சியைக் குறிக்கும்.

இவ்வேறுபாட்டை நீரின் அளவாக மாற்றும் கணிதத்தை ஜான் வாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998இலேயே, செயற்கைக்கோள்கள் ஏவப்படுவதற்கு முன்னரே, வகுத்திருந்தனர். அமேசான் படுகை மழைக்காலத்தில் எடை கூடிக் கோடையில் எடை குறைவதை டாப்லி குழுவினர் 2004இல் வெளியிட்டபோது முறையின் திறன் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. எனினும் கிரேஸ் காண்பது ஆறு, ஏரி, பனி, மண் ஈரம், நிலத்தடி நீர் அனைத்தும் சேர்ந்த மொத்த எடையையே. ஏனையவற்றைக் கணினி மாதிரிகளாலும் தரை அளவீடுகளாலும் கணித்துக் கழித்தால் எஞ்சுவது நிலத்தடி நீரின் மாற்றம் என்ற வழியை மேத்யூ ரோடெலும் ஜேம்ஸ் ஃபாமிக்லியெட்டியும் வளர்த்தெடுத்தனர்.

அவ்வழியை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தது இந்தியாவைப் பற்றிய ஆய்வாகும். ரோடெல், இசபெல்லா வெலிகோக்னா, ஃபாமிக்லியெட்டி மூவரும் 2009இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா (டெல்லி உட்பட) பகுதிகளில் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் இழக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. இது ஏறத்தாழ 3,850 டி.எம்.சி.; மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவைப் போல் 41 மடங்கு. அக்காலத்தில் மழை வழக்கத்திற்குக் குறையவில்லை என்பதே இக்கண்டுபிடிப்பின் சாரம்: நீர் வற்றியது வானம் பொய்த்ததாலன்று, கோதுமைக்கும் நெல்லுக்கும் இறைத்ததால். பஞ்சாபும் ஹரியானாவும் கோடையின் உச்சத்தில் நாற்று நடுவதைத் தடுக்கும் சட்டங்களை அதே 2009இல் இயற்றியது, கிணறுகள் இச்செய்தியை முன்பே சொல்லிவந்தன என்பதைக் காட்டுகிறது. செயற்கைக்கோளின் பங்களிப்பு அபாயத்தை முதலில் கண்டதில் இல்லை. சிதறிக் கிடந்த கிணற்றுக் கணக்குகள் தராத ஒட்டுமொத்த அளவை, மறுக்கவியலாத ஒற்றை எண்ணாகத் தந்ததில் உள்ளது. பின்னர், 2017இல் வெளியான ஓர் ஆய்வு, வடஇந்தியாவின் சரிவில் பருவமழைக் குறைவுக்கும் பங்குண்டு என்றும், 2002க்கும் 2013க்கும் இடையில் தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் கூடியது என்றும் காட்டி, இறைப்பை மட்டும் காரணமாகக் கொண்ட விளக்கத்தைத் திருத்தியது.

எல்லைகளைப் பொருட்படுத்தாத இம்முறையின் அருமை மேற்காசியாவில் தெளிவாகப் புலப்பட்டது. யூப்ரடீஸ், டைகிரிஸ் படுகைகளும் மேற்கு ஈரானும் 2003க்கும் 2009க்கும் இடையில் சுமார் 144 கன கிலோமீட்டர் நீரை இழந்தன என 2013இல் அறிவிக்கப்பட்டது; ஒன்றுக்கொன்று நீர்க்கணக்கைக் காட்டத் தயங்கும் நாடுகளுக்கு நடுவில் இத்தகைய எண்ணைத் தரையிலிருந்து பெற்றிருக்க இயலாது. உலகின் 37 பெரிய நீர்த்தாங்கிகளுள், அதாவது நீரைத் தேக்கிவைக்கும் பாறை, மணல் அடுக்குகளுள், 21 குறைந்துவருவதாக 2015இல் மதிப்பிடப்பட்டது.

வறட்சிக் கண்காணிப்பிற்குக் கிரேஸ் தரவு தனித்து உதவாது. அது மாதத்திற்கு ஒருமுறை, அதுவும் தாமதமாகவே கிடைப்பது. ஆகவே மழை, வெப்பம் முதலியவற்றை உள்வாங்கி இயங்கும் நிலநீர் மாதிரி ஒன்றை நாள்தோறும் ஓடவிட்டு, ஈர்ப்பு அளவீடு வந்ததும் அதைக் கொண்டு மாதிரியைத் திருத்தும் முறை கையாளப்படுகிறது. இதன் அடிப்படையில் நாசாவும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தேசிய வறட்சித் தணிப்பு மையமும் முதலில் அமெரிக்காவுக்கும், 2020 முதல் உலகம் முழுமைக்கும் வாராந்தர வரைபடங்களை வெளியிட்டு வருகின்றன. மேல்மண், வேர்மண்டலம், நிலத்தடி நீர் ஆகிய மூன்றும் இவற்றில் தனித்தனியே காட்டப்படுவது முக்கியமானது. ஒரு மழையில் மேல்மண்ணின் வறட்சி தீர்ந்துவிடலாம், நிலத்தடியின் வறட்சி பல ஆண்டுகள் நீடிக்கலாம். மேல்மண் ஈரத்தை நேரடியாக அளக்க ஐரோப்பாவின் ஸ்மாஸ் 2009லும் நாசாவின் ஸ்மாப் 2015லும் ஏவப்பட்டன.

இம்முறையின் வரம்புகள் கடுமையானவை. ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் அது ஒரு கன கிலோமீட்டர், அதாவது நூறு கோடி டன் இழப்பு. கிரேஸ் நம்பகமாக உணரும் பரப்பும் மாற்றமும் ஏறத்தாழ இந்த அளவிலோ அதற்கு மேலோ அமைந்தவை. ஒரு மாவட்டத்தையோ வட்டத்தையோ அதனால் பிரித்தறிய முடியாது. பெரும்பகுதி கடினப் பாறையாலான, சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலுமே நீர் தங்கும் தமிழகத்தில் அடுத்தடுத்த ஊர்களின் கிணறுகள்கூட வேறுபடுவதால், அங்கு நேரடி நீர்மட்ட அளவீட்டுக்கு மாற்றில்லை. மேலும், மாதந்தோறும் வரவும் செலவும் தெரிந்து இருப்பு மட்டும் தெரியாத வங்கிக் கணக்கைப் போன்றது கிரேஸ் தரவு: எவ்வளவு குறைந்தது என்பதைக் கூறும், எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் கூறாது. களிமண் அடுக்குகள் நீரிழந்து அமுங்கும் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில், நிலம் தாழ்வதை ரேடார் செயற்கைக்கோள்கள் நுட்பமாக அளந்து, சிறு பரப்புகளைப் பிரித்தறிய முடியாத குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

ஐந்தாண்டுக்கென வடிவமைக்கப்பட்ட கிரேஸ் பதினைந்து ஆண்டுகள் உழைத்து 2017இல் ஓய்ந்தது. அதன் வாரிசான கிரேஸ்-ஃபாலோ-ஆன் 2018 மே 22 அன்று கலிபோர்னியாவிலிருந்து ஏவப்படும்வரை விழுந்த இடைவெளி, ஏறத்தாழ ஓராண்டின் தரவை மீட்க முடியாதபடி இழக்கச் செய்தது. புதிய இணை, நுண்ணலையுடன் லேசர் அளவீட்டையும் சோதித்து வெற்றி கண்டது. அமெரிக்காவும் ஜெர்மனியும் 2028ஐ இலக்காகக் கொண்டு கிரேஸ்-சி என்னும் அடுத்த இணையை உருவாக்கி வருகின்றன. துருவப் பாதையில் செல்லும் இதனுடன், சாய்ந்த பாதையில் பறக்கும் மற்றோர் இணையை ஐரோப்பிய விண்வெளி முகமை திட்டமிட்டுள்ளது. இரண்டும் ஒருசேர இயங்கினால், இன்றைய வரைபடங்களில் காணமுடியாத சிறிய படுகைகளையும் குறுகிய இடைவெளிகளில் அளக்க இயலும்.