லக்னோ முற்றுகையில் ஆப்பிரிக்கத் துப்பாக்கிகள்

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தம் காப்பார் மக்களுக்குப் புதிய கதையல்ல. கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற அவமானத்தையும் எதிர்த்தார்கள். தலைவர் ஆர். எச். நாதனின் பெயரைச் சொல்கிறோம். துப்பாக்கிச் சூட்டில் மாண்ட பாட்டாளிகளின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

இந்தியாவின் 1857 எழுச்சியிலும் இப்படி விடுபட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒரு சாரார் ஆப்பிரிக்க வம்சாவளியினர்.

அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் மெய்க்காவல் படையில் ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள்! அடிமைகளாகக் கடல் கடந்து வந்தவர்களும் அவர்களின் சந்ததியினரும் அவர்கள். 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத்தைப் பறித்துக்கொண்டது. நவாப் கல்கத்தாவுக்குப் போனார். அரண்மனையை நம்பியிருந்தவர்களின் பிழைப்பும் போனது. அவர்கள் ஆயுதம் எடுத்ததற்கு அந்தக் கோபமே போதும் என்பது என் கருத்து.

மறு ஆண்டு லக்னோவில் வெள்ளையர்கள் ரெசிடென்சி கட்டடத்துக்குள் முற்றுகையிடப்பட்டனர். எதிரே ஜோஹன்னஸ் என்பவரின் வீட்டிலிருந்து ஓர் ஆப்பிரிக்கர் குறி தவறாமல் சுட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளையர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பாப் தி நெய்லர்'. அவர் தொல்லை தாங்காமல், ஆகஸ்டு 21-இல் சுரங்கம் தோண்டி அந்த வீட்டையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். தாய் வைத்த பெயர் என்ன? எதிரி வைத்த கேலிப்பெயர்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

நவம்பர் 16-இல் சிக்கந்தர் பாக் தோட்டத்தில் கடும் போர். அங்கே மாண்டவர்களில் ஆப்பிரிக்கப் பெண்களும் இருந்ததாகவும், இறந்த பிறகே அவர்கள் பெண்கள் என்று தெரிந்ததாகவும் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். அங்கே மரத்தின் மேலிருந்து சுட்ட வீராங்கனையை உதா தேவி என்று மக்கள் போற்றுகிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் உடன் மாண்ட அந்த ஆப்பிரிக்கப் பெண்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

தெற்கே ஒருவருக்கு மட்டும் பெயர் தங்கியது. சித்தி என்றால் நமக்குச் சின்னம்மா. கர்நாடகத்தில் அது ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் பெயர். அவர்களில் ஒருவரான சித்தி பஸ்தியான், 1858-இல் கோவா எல்லையை ஒட்டிய சூப்பா காடுகளில் கம்பெனி ஆட்சியை எதிர்த்தவர்களோடு சேர்ந்து போரிட்டார். மறு ஆண்டு கொல்லப்பட்டார்.

அந்த வடகன்னட மாவட்டத்துச் சித்திகள் 2003-இல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2020-இல் அவர்களில் ஒருவரான சாந்தாராம் சித்தி கர்நாடகச் சட்ட மேலவைக்குள் காலடி வைத்தார்.