சமூக-மனவெழுச்சிக் கற்றல்: நெய்வேலியும் தமிழக வகுப்பறைகளும்

சமூக-மனவெழுச்சிக் கற்றல் என்பது தன் மனநிலையை அறியவும், கோபத்தையும் அச்சத்தையும் கையாளவும், பிறர் வலியை உணரவும், கூடி வேலை செய்யவும் குழந்தையைப் பழக்கும் கல்வி. இந்தப் பெயர் 1994-இல் அமெரிக்காவில் பிறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் உலக சுகாதார நிறுவனம் பத்து வாழ்க்கைத் திறன்களை வகுத்துப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. தமிழகப் பள்ளிகளின் கால அட்டவணையில் அதற்கு முன்பே நீதிபோதனை வகுப்பு இருந்தது. குழந்தை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது சொன்னது. குழந்தைக்கு இன்று என்ன செய்கிறது என்று கேட்க அதில் இடமில்லை. அந்தக் கேள்வி இங்கே தனிப் பாடமாக வகுப்புக்குள் வரவில்லை. செயல்வழிக் கற்றலின் பாயும் அட்டையும் அதற்கு ஒரு வாசலைத் திறந்தன. பேரிடர் இன்னொன்றைத் திறந்தது.

நெய்வேலி அந்தக் கேள்விக்கு முக்கியமான களம். 1956 நவம்பர் 14-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. வட்டம் வட்டமாக எழுந்த நகரியத்தில் நிறுவனப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் வந்தன. பல மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒருபுறம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகள் மறுபுறம். ஊரையும் தோட்டத்தையும் விட்டு வந்த வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளரும் குழந்தை, அந்தப் பாரத்தையும் பையோடு பள்ளிக்குச் சுமந்து வரும். சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிப்டில் ஓடுகின்றன. இரவு ஷிப்ட் முடித்து வரும் தந்தை உறங்கும் நேரத்தில்தான் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும். பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறிக்கும் பள்ளி இதை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கென ‘ஸ்நேகா’ என்ற சிறப்புப் பள்ளியும் நகரியத்தில் உண்டு.

நெய்வேலியைத் தாண்டி, தமிழகம் முழுவதும் வகுப்பறையின் உருவத்தை மாற்றியது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷி வேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையே இதன் ஊற்று. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமாரின் முயற்சியில் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. 2007-இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பாடம் சிறு சிறு படிகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் செய்யப்பட்டன. பறவை, விலங்கு, வண்டி எனப் படங்களே அவற்றுக்கு அடையாளம். சுவரில் ஏணிப்படம் தொங்கும். குழந்தை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் போய் அமரும். ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் உதவும் குழுக்கள், தனித்துக் கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு எனப் பிரிவுகள் இருந்தன. குழந்தையின் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேல் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும் கம்பிப் பந்தல், தானே குறிக்கும் வருகைப்பதிவு, ஆரோக்கியச் சக்கரம் ஆகியவையும் இருந்தன.

ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் பாயில் உட்கார்ந்தார். இந்த முறையின் மிகப் பெரிய சாதனை இதுதான் என்பேன். கண்ணுக்கு நேரே கண் இருந்தால்தான் ஒரு குழந்தை வாய் திறக்கும். வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு அவமானம் குறைந்தது. பக்கத்துப் பிள்ளையிடம் உதவி கேட்பது குற்றம் என்ற நிலை போனது. குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் துணைக்கருவி செய்ய ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 500 ரூபாய்தான். புத்தகமும் வீட்டுப்பாடமும் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் ஏற்பாடு போதுமானதாக இல்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பின்னர் முறை எளிமையாக்கப்பட்டு, புத்தகத்தோடு இணைக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி கடலூர் மாவட்டத்தை உலுக்கியது. நெய்வேலிக்குக் கிழக்கே, தேவனாம்பட்டினம் உள்ளிட்ட மீனவக் குப்பங்களில் உயிர்கள் போயின. பெற்றோரை இழந்த குழந்தைகள் கடலூரில் அரசு தொடங்கிய இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள். சுனாமி தாக்கிய மாவட்டங்களில் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், யுனிசெஃப் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் உளச்சமூக ஆதரவுப் பயிற்சி அளித்தன. வரையச் சொல்லுதல், விளையாட விடுதல், கதை சொல்ல வைத்தல், அழும் பிள்ளையை அடக்காதிருத்தல் ஆகியவைதாம் அதன் கருவிகள். விலை உயர்ந்த எதுவும் தேவைப்படவில்லை; ஒரு கட்டு காகிதமும் வண்ணக் குச்சியும் கேட்கும் செவியும் போதுமாயின. உதவி தேவைப்படும் குழந்தையை மருத்துவரிடம் எப்போது அனுப்புவது என்பதை ஆசிரியர் அறிய வேண்டும் என்பதும் அப்போதுதான் அழுத்தமாக உணரப்பட்டது.

சட்டமும் துணைக்கு வந்தது. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பு போன இடத்தில் எதை வைப்பது என்று பல ஆசிரியர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. 2012-13 கல்வியாண்டில் வந்த நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் பத்து. மாவட்டங்களோ அன்று முப்பத்திரண்டு. உளவியலாளரோடு ஒரு வண்டி மூன்று மாவட்டங்களைச் சுற்றினால் ஒரு பள்ளிக்கு எத்தனை நாள் வரும்?

கொரோனாக் காலம் பெற்றோரையும் இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அதற்குச் சற்று முன், அக்டோபர் 27-இல், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. பெண்களே மிகுதியாக இருந்த தன்னார்வலர்கள் மாலையில் தெருத் திண்ணையிலும் கோயில் முற்றத்திலும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடினார்கள், ஆடினார்கள். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்தியது. ‘தோல்வி’ என்ற சொல் இல்லாத இந்தப் பெயரிடலே ஒரு மனநலப் பாடம். அவ்வாண்டே பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. அப்போது 20 பேர் கொண்டிருந்த குழுவில் பெற்றோரே பெரும்பான்மை, தலைமை ஒரு தாயிடம். ஆசிரியர்களுக்குக் ‘கனவு ஆசிரியர்’ இதழும் பிள்ளைகளுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் வந்தன. 2024-இல் மகிழ் முற்றம் திட்டம் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாக மாணவர்களைப் பிரித்தது.

நெய்வேலிக்குத் தனியாக ஒரு வளம் உண்டு: நிலக்கரி நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் புத்தகக் கண்காட்சி. மனநலம் பற்றிப் பேசத் தயங்கும் பெற்றோர்கூட, பிள்ளைக்கு ஒரு கதைப்புத்தகம் வாங்கத் தயங்குவதில்லை. அந்தக் கதையை இரவில் சேர்ந்து படித்து, அதில் வரும் பிள்ளைக்கு ஏன் கோபம் வந்தது என்று கேட்டால், சமூக-மனவெழுச்சிக் கற்றலில் பாதி வீட்டிலேயே நடந்துவிடும்.

பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் பிள்ளையின் நோட்டு அட்டையில் உங்கள் கையால் எழுதி வையுங்கள்; எதற்காக என்றும் சொல்லுங்கள்.